அன்று அக்காவுக்கு ஏன் வழி கிடைக்கவில்லை, இப்போது எதை நம்பி டிக்கெட் போடுவது

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அக்கா, தை மாதம் சென்னை ராயபுரத்தில் நடக்கும் தங்கை கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வர வேண்டும். சிங்கப்பூரில் மறுபடி கொரோனா கூடுகிறது, இந்தியாவுக்கு வருபவர்கள் கொரோனா காலத்தில் ஆன்லைனில் நிரப்பிய ஏர் சுவிதா ஃபாரம் திரும்ப வந்துவிட்டது, தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. ஒருவர் ஃபாரம் நிரப்பித் தர ஆளுக்கு 2,000 ரூபாய் கேட்கிறார். டிக்கெட் போட்ட பிறகு விதி மாறினால் என்ன செய்வது? ஆனால் நடுவில் நான்கு வரி எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 2020 ஜூனில் அப்பா தவறியபோது அக்காவால் வர முடியவில்லை. அதே மாதம் எதிர்வீட்டு அம்மா தவறியபோது, அமெரிக்கக் குடிமகனான அவர் பிள்ளை பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். "இரண்டு பேருமே வெளிநாட்டு பாஸ்போர்ட். நாங்கள் சரியான ஆளைப் பிடிக்காததால்தான் அக்கா அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் போனதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நான் மண்ணடியில் டிக்கெட், விசா வேலை பார்ப்பவன். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, இலங்கை என்று எங்கள் தெருக்களிலிருந்து கிளம்பும் கூட்டம் ராயபுரத்துக்காரரான உங்களுக்குத் தெரியாததில்லை. 2020 மார்ச்சிலிருந்து மூன்று வருடம், அரசு வெளியிட்ட பயண உத்தரவுகளை ஒவ்வொன்றாக அச்செடுத்துப் படித்து ஆட்களுக்கு வழி சொல்வதே எங்கள் பிழைப்பாக இருந்தது. நான் இமிகிரேஷன் அதிகாரியும் இல்லை, வக்கீலும் இல்லை. அதனால் உத்தரவில் எழுதியிருந்தது எது, கவுண்டரில் நடைமுறையாக இருந்தது எது என்று பிரித்தே சொல்கிறேன். முதலாவதை அப்படியே நம்பலாம். இரண்டாவது இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறியது.

தப்பு உங்கள் பக்கம் இல்லை. 2020 மார்ச் 11 அன்று இந்திய அரசு போட்ட உத்தரவில் தூதரகம், அலுவல், ஐ.நா. போன்ற பன்னாட்டு அமைப்புகள், வேலை, திட்டப்பணி ஆகிய விசாக்களைத் தவிர மற்ற எல்லா விசாவும் நிறுத்தப்பட்டது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் வந்துபோகும் வசதியும் கூடவே நின்றது. அதாவது அன்றைக்கு எதிர்வீட்டுப் பிள்ளையும் உங்கள் அக்காவும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். மார்ச் 22-ல் பயணிகள் வரும் பன்னாட்டு விமானங்களும் நின்றன. மே 7-ல் வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியபோது அவை வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட இந்தியக் குடிமக்களை அழைத்து வருவதற்கானவை. மே 22 அன்று வந்த உத்தரவில்தான் இருவர் கதையும் பிரிந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஓசிஐ அட்டைக்காரர்களில் சில வகையினர் வரலாம் என்றது அந்த உத்தரவு. குடும்பத்தில் மரணம் போன்ற அவசரத்துக்காக வருபவர்கள் அதில் ஒரு வகை. எதிர்வீட்டுப் பிள்ளை அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். உங்கள் அக்கா குடியுரிமை மாறிய பிறகு ஓசிஐ எடுக்கவில்லை, டூரிஸ்ட் விசாவில்தான் வந்துபோனார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த விசா மார்ச்சிலேயே முடங்கிவிட்டது. ஜூன் தொடக்கத்தில் தொழில் செய்பவர்கள், மருத்துவத் துறையினர், பொறியாளர்கள் என்று சில வெளிநாட்டினருக்கு வழி விட்டார்கள். இறந்தவரின் மகள் என்று ஒரு வகை அதில் இல்லை. கல்நெஞ்சமான விதிதான், ஆனால் விதி அப்படித்தான் இருந்தது.

தூதரகத்தில் மன்றாடியிருந்தால் கிடைத்திருக்குமா என்று கேட்பீர்கள். தனிப்பட்ட முறையில் யாருக்காவது அனுமதி தர உள்துறைக்கு எப்போதும் அதிகாரம் உண்டு. ஆனால் ஓசிஐ அட்டை இல்லாத ஒருவர் 'இது எனக்கு உண்டு' என்று சுட்டிக்காட்டிக் கேட்க அன்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஜூன் நம் பகுதியில் எப்படி இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். சென்னையிலேயே அதிகத் தொற்று ராயபுரம் மண்டலத்தில். 19-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை முழு ஊரடங்கு. ஸ்டான்லி மருத்துவமனை வாசலுக்குக்கூட ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மேல் போக முடியாத நேரம். எந்த ஏஜெண்டுக்கு எவ்வளவு கொட்டியிருந்தாலும் அக்காவை மூலகொத்தளம் சுடுகாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்க முடியாது. இதை அம்மாவிடமும் அக்காவிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இத்தனை வருடம் இதைச் சுமந்துகொண்டிருக்க வேண்டியதே இல்லை.

2020 அக்டோபர் 22-ல் கதவு பாதி திறந்தது. ஓசிஐ அட்டைக்காரர்கள் எல்லாரும், டூரிஸம் தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் வரும் வெளிநாட்டினர் எல்லாரும் வரலாம் என்றார்கள். இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். 'நான் ஊர் சுற்றவா வருகிறேன், அம்மாவைப் பார்க்கத்தானே வருகிறேன்' என்று கையிலிருந்த டூரிஸ்ட் விசாவோடு கிளம்பப் பார்த்தார்கள். ஆனால் சொந்தக்காரர்களைப் பார்க்க வருவதும் டூரிஸ்ட் விசாவின் கணக்கில்தான் சேரும். காரணம் எதுவாக இருந்தாலும் விசாவின் வகைதான் செல்லும். இந்திய வம்சாவளியினருக்கென்று எண்ட்ரி விசா என்று தனி வகை உண்டு, அதைப் புதிதாகப் போட்டு வாங்கி வந்தவர்கள் வந்தார்கள். அப்பாவின் வருஷ திதிக்காவது வந்திருக்கலாமே என்றால், 2021 மே, ஜூனில் தடை மறுபக்கம் இருந்தது. டெல்டா அலையில் இந்தியாவிலிருந்து திரும்புகிறவர்களுக்குச் சிங்கப்பூரில் 21 நாள் தனிமை. வேலை பாஸில் இருந்தவர்களைத் திரும்பவே விடவில்லை. இங்கே நான்கு நாள் காரியத்துக்கு வந்து, அங்கே போய் மூன்று வாரம் அடைந்து கிடக்க எந்த முதலாளி லீவு தருவார்?

இப்போது பொதுவான விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலம் முழுக்க எங்களிடம் எல்லாரும் கேட்ட கேள்வி, "இந்தியா ஓப்பனா, குளோஸா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஏனென்றால் ஒருவர் உள்ளே வருவதை நான்கு இடத்திலிருந்து தனித்தனியாக முடிவு செய்தார்கள். யார் வரலாம், எந்த விசா செல்லும் என்பது உள்துறை. எந்த நாட்டிலிருந்து விமானம் வரலாம் என்பது விமானப் போக்குவரத்துத் துறையும், அதன் கீழ் விமானங்களுக்கு விதி போடும் டிஜிசிஏவும். என்ன டெஸ்ட், என்ன சான்றிதழ் என்பது சுகாதாரத் துறை. இறங்கிய பிறகு எங்கே எத்தனை நாள் தனிமை, இ-பாஸ் உண்டா என்பதில் மாநில அரசு. நான்கும் ஒரே நாளில் மாறாது. உள்துறை அக்டோபரில் வழி விட்டது, ஆனால் வழக்கமான விமானங்கள் திரும்பியது 2022 மார்ச் 27-ல். இடைப்பட்ட காலத்தில் எந்த நாட்டோடு ஏர் பபிள் ஒப்பந்தம் (இரண்டு நாடும் பேசிக் குறிப்பிட்ட விமானங்களை மட்டும் விடுவது) இருந்ததோ அங்கிருந்து மட்டும், இல்லையென்றால் வந்தே பாரத், தனி அனுமதி விமானம். டூரிஸ்ட் விசா 2021 அக்டோபர் 15-ல் சார்ட்டர் விமானப் பயணிகளுக்கும், நவம்பர் 15-லிருந்து மற்றவர்களுக்கும் திரும்பியது. ஒருவர் செய்தித்தாளில் 'வெளிநாட்டினருக்கு அனுமதி' என்று படித்துவிட்டு வருவார். அது நான்கில் எந்தக் கதவு என்று பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுதான் திறந்திருக்கும்.

நான்கும் சரியாக இருந்தும் ஏர்போர்ட்டில் திரும்பி வந்தவர்கள் உண்டு. காரணம் கடிகாரம். 72 மணி நேரக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த நாட்டு விதியிலும் இது திரும்பத் திரும்ப வரும். இந்தியாவுக்கு வருபவர்களுக்கு 2020 ஆகஸ்ட்டில் 96 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் போதும் என்றார்கள், நவம்பரில் அது 72 ஆனது. சரி, 72 மணி எப்போதிலிருந்து எப்போது வரை? தொடக்கம், சாம்பிள் எடுத்த நேரம். ரிப்போர்ட் கையில் கிடைத்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் மாட்டினார்கள். முடிவு, பயணம் தொடங்கும் நேரம் என்று இந்திய உத்தரவு சொன்னது. திங்கள் காலை 9 மணி விமானம், வெள்ளி காலை 10 மணிக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்தது என்றால் 71 மணி நேரம், சரியாகப் போகும். அதே விமானம் 11 மணிக்குத் தள்ளிப்போனால் 73. அந்த இரண்டு மணி நேரத் தாமதத்தைச் சில கவுண்டர்கள் கண்டுகொள்ளவில்லை, சில இடத்தில் புது டெஸ்ட் கேட்டார்கள். டொரண்டோவிலிருந்து தோஹா வழியாக வருபவருக்கு முதல் விமானத்தை வைத்துக் கணக்கா, இரண்டாவதை வைத்தா என்பதிலும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இந்த இடமெல்லாம் உத்தரவில் அடங்காமல் நடைமுறையில் விட்ட இடம். அதனால்தான் நாங்கள் 48 மணி நேரத்துக்குள் வரும்படி டெஸ்ட் எடுக்கச் சொன்னோம். முதல் மார்ச் உத்தரவிலும் இப்படித்தான்: 13-ஆம் தேதி கிரீன்விச் நேரம் 12 மணியிலிருந்து, கிளம்பும் ஊரில் அமல் என்று எழுதியிருந்தது. சிங்கப்பூரில் அது இரவு 8 மணி. 7 மணிக்குக் கிளம்பிய விமானத்தில் இருந்தவருக்கு அது பொருந்தாது, 9 மணி விமானத்துக்குப் பொருந்தும். உத்தரவின் தேதியைப் பார்க்கும் நாம், அது எந்த மணியிலிருந்து, எந்த ஊர் நேரத்தில் என்பதைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று பெயர். நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் தொல்லை இது. தடுப்பூசி போடும்போது ஆதாரைக் காட்டியிருப்பார்கள், அதில் 'எஸ். முருகன்'. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து 'முருகன் சுப்பிரமணியன்'. சான்றிதழைப் பார்க்கும் வெளிநாட்டுக்காரருக்கு இது இரண்டு ஆள். 2021 ஜூனில் அரசின் தடுப்பூசித் தளமான கோவினில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்க வசதி வந்த பிறகுதான் இது ஓரளவு தீர்ந்தது. பிறந்த தேதியிலும் ஒரு சிக்கல். கோவின் சான்றிதழில் முழுப் பிறந்த தேதி இல்லை, பிரிட்டன் அதைக் கேட்டது. செப்டம்பர் கடைசியில் கோவின் அந்த வசதியைச் சேர்த்தது. இந்தியச் சான்றிதழை ஏற்காமல் பிரிட்டன் தனிமை கேட்டதற்குப் பதிலடியாக அக்டோபர் 4 முதல் பிரிட்டன் குடிமக்களுக்கு இங்கே பத்து நாள் தனிமை போட்டார்கள். 11-ஆம் தேதி முதல் அவர்கள் ஏற்றுக்கொண்டதும் 13-ஆம் தேதி நாம் விலக்கிக்கொண்டோம். பத்து நாளுக்குள் விதி வந்ததும் போனதும் முடிந்தது. இதில் நோய்க் கணக்கைவிட நாட்டுக்கு நாடு மரியாதைக் கணக்குதான் அதிகம். இப்படிப்பட்ட விதி சீக்கிரம் மாறும் என்று அப்போதே தெரியும், அதனால் டிக்கெட்டை ரத்து செய்யாமல் தள்ளி வைக்கச் சொன்னோம்.

உங்கள் அக்காவின் ஊருக்கு நேரடியாகப் பொருந்தும் உதாரணம் ஒன்று. 2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்காகச் சிங்கப்பூர் இந்தியாவோடு தனிப் பாதை திறந்தது, சென்னையிலிருந்து தினமும் விமானம். மண்ணடி முழுக்க அன்று சந்தோஷம். குருவிகளாக, அதாவது பெட்டியில் சரக்கு எடுத்துக்கொண்டு, போய்வந்து பிழைப்பவர்கள் பெட்டியைத் தூசி தட்டினார்கள். ஆனால் 26-ஆம் தேதியே உலக சுகாதார நிறுவனம் ஒமைக்ரானுக்குப் பெயர் வைத்துவிட்டது. டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்த இந்திய உத்தரவில் 'ஆபத்துள்ள நாடுகள்' பட்டியலில் சிங்கப்பூரும் இருந்தது. பாதை திறந்த மூன்றாம் நாள், மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் இறங்கியவர்கள் சாம்பிள் கொடுத்துவிட்டு முடிவு வரும் வரை வெளியே போக முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஏழு நாள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் மறு டெஸ்ட். அந்த மாதமே சிங்கப்பூரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் முதல் ஒமைக்ரான் டிசம்பர் 15-ல் உறுதியானபோது அது நைஜீரியாவிலிருந்து தோஹா வழியாக வந்தவரிடம், பட்டியலில் இல்லாத நாடு. இதை வைத்துப் பட்டியலே வீண் என்று சொல்லமாட்டேன். தெரிந்ததை வைத்துக்கொண்டு அவசரத்தில் போடுகிற கோடு அது, தகவல் வர வர நகரும். அந்த நகர்வை ஒப்புக்கொண்டுதான் பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கல்யாணம். எது உறுதி என்று சொல்கிறேன். ஏர் சுவிதா 2022 நவம்பர் 22 முதல் நிறுத்தப்பட்டது. 2023 ஜனவரி 1-லிருந்து சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஆறு இடத்திலிருந்து வருபவர்களுக்கு மட்டும் டெஸ்ட்டோடு சேர்த்து மறுபடி வந்தது, பிப்ரவரி 13-ல் அதுவும் போனது. உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியை நீங்கள் அப்படியே ஒட்டியிருந்தீர்கள், அதில் இருக்கும் ஆறு பெயரும் இந்தப் பட்டியல்தான். பழைய செய்தியைத் தேதி இல்லாமல் சுற்றவிடுகிறார்கள். இறங்குபவர்களில் 2 சதவீதம் பேருக்கு எடுத்துக்கொண்டிருந்த டெஸ்ட்டும் 2023 ஜூலையில் நின்றது. அதே வருடம் மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை விலக்கிக்கொண்டது. கொரோனாவுக்காக அக்கா இன்று காட்ட வேண்டிய காகிதம் எதுவும் இல்லை. வேண்டியது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா. சிங்கப்பூர்க் குடிமக்கள் இ-விசா போடலாம், கல்யாணத்துக்கு வருவதற்கு இ-டூரிஸ்ட் விசா போதும். குழந்தைகளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

அந்த 2,000 ரூபாய் ஃபாரம் எது என்று ஊகிக்க முடிகிறது. 2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டினருக்கு இ-அரைவல் கார்டு வந்திருக்கிறது. விமானத்தில் கொடுத்த சீட்டுக்குப் பதிலாக ஆன்லைனில் நிரப்புவது, வந்து இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள். கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அக்காவே கைப்பேசியில் நிரப்பிவிடலாம். திரும்பிப் போகும்போது சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டும் அப்படித்தான், மூன்று நாளுக்குள், இலவசம். பணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளத்தைப் போலவே இருக்கும், கூகுளில் முதலிலும் வரும். இந்தியத் தளம் என்றால் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் நேரத்துக்குக் கூலி வாங்குவது தப்பில்லை, நானும் வாங்குகிறேன். ஆனால் இலவச ஃபாரத்தை அரசுக் கட்டணம் என்று சொல்லி வாங்குவது மோசடி.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் எனக்கு உண்மையான கவலை. மாமா கப்பல் கம்பெனி வேலையாக அடிக்கடி கென்யா, நைஜீரியா போய்வருவார், கல்யாணத்துக்கு நேராக அங்கிருந்தே வந்தாலும் வருவார் என்றீர்கள். கொரோனா விதியெல்லாம் போய்விட்டது, மஞ்சள் காய்ச்சல் விதி போகவில்லை, போகவும் போகாது. அந்தக் கொசு இங்கே இருக்கிறது, கிருமி இல்லை. அது உள்ளே வந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் இந்தியா இதில் மிகக் கண்டிப்பு. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து கிளம்பியோ, அந்த வழியாகவோ ஆறு நாளுக்குள் இங்கே இறங்குபவரிடம் தடுப்பூசி அட்டை இல்லையென்றால், ஆறு நாள் வரை பிரித்து வைக்க அதிகாரம் உண்டு. எந்தப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் சரி, இந்தியக் குடிமகனுக்கும் இதே விதிதான். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும், அதனால் முதல் நாள் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வருவதில் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும், 2016-லிருந்து அப்படி மாற்றிவிட்டார்கள். பழைய அட்டையில் பத்து வருடம் என்று அச்சிட்டிருந்தாலும் கவலை வேண்டாம். மாமாவிடம் அந்த மஞ்சள் அட்டை இருக்கிறதா, அதில் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று இன்றே கேளுங்கள். இந்த ஊரிலிருந்து ஆப்பிரிக்கா கிளம்புகிறவர்கள் ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகத்திலோ கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலோ போட்டுக்கொள்வார்கள். அவர் சிங்கப்பூரில் போட்டிருந்தால் அந்த அட்டையே போதும்.

டிக்கெட் போட்ட பிறகு விதி மாறினால் என்ன? முதலில், நேர் விமானம் போடுங்கள். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரம், இதற்குப் போய்க் கொழும்பு, கோலாலம்பூர் என்று சுற்றி வந்து ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்க வேண்டாம். இடையில் ஒரு நாடு சேர்ந்தால் அந்த நாட்டு விதியும் சேரும். இரண்டாவது, தேதி மாற்ற என்ன கட்டணம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் பணம் திரும்ப வர வேண்டும், விமானம் பறந்து நீங்கள் ஏறாமல் போனால் டிக்கெட்டின் நிபந்தனைதான். 2020 ஊரடங்கில் ரத்தான டிக்கெட்டுகளுக்காக உச்ச நீதிமன்றம் அந்த வருடம் அக்டோபர் 1-ல் ஒரு தீர்ப்புச் சொன்னது, அந்தக் காலத்து டிக்கெட்டுகளுக்கு மட்டும். அடுத்த முறையும் அப்படி ஒரு தீர்ப்பு வரும் என்று நம்பிப் பணம் போடக் கூடாது. ஏஜெண்ட் மூலம் எடுத்த டிக்கெட்டின் பணம் ஏஜெண்ட் கணக்குக்குத்தான் திரும்பி வரும். அதனால் யார் பெயரில் பில், எந்த பி.என்.ஆர். (டிக்கெட்டின் முன்பதிவு எண்) என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

யார் சொல்வதை நம்புவது என்பதற்கு எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். செய்தி வந்ததும் மூலப் பிரதியைத் தேடுவோம்: எந்தத் துறை, எந்தத் தேதி, எந்த மணியிலிருந்து அமல், பழைய எந்த உத்தரவை நீக்குகிறது. இந்த நான்கும் இல்லாத செய்தியைக் கணக்கில் எடுப்பதில்லை. பிறகு விமான நிறுவனத்திடம் கேட்போம். ஏனென்றால் நடைமுறையில் முதல் எல்லைக் காவல் செக்-இன் கவுண்டர்தான். ஆவணம் சரியில்லாதவரை ஏற்றி வந்தால் நிறுவனத்துக்கு அபராதம், திருப்பிக் கொண்டுபோகும் செலவும் அவர்களுடையது. அதனால் சந்தேகம் வந்தால் ஏற்றமாட்டார்கள். அவர்கள் கையில் டைமாட்டிக் என்று ஒரு தகவல் தளம் இருக்கும். எந்த பாஸ்போர்ட், எங்கிருந்து, எங்கே என்று போட்டால் தேவையானதைக் காட்டும். அதில் அடுத்த வாரம் வரப்போவது இருக்காது, இன்றைய நிலைதான் இருக்கும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும் முந்தின நாளும் அக்காவை நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள். கடைசி முடிவு இமிகிரேஷன் அதிகாரி கையில், விசா இருந்தும் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. அதற்கு எந்த ஏஜெண்டும் உத்தரவாதம் தர முடியாது, தருகிறேன் என்பவரை விட்டு விலகுங்கள்.

கல்யாணம் முடிந்து ஊர் திரும்பியதும் அக்கா ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கட்டும். முன்பு இந்தியக் குடிமகளாக இருந்தவர் என்பதால் அவருக்குத் தகுதி உண்டு, சிங்கப்பூரில் இந்தியத் தூதரகம் வழியாகப் போட வேண்டும். அட்டை இருந்தால் எல்லாக் காலத்திலும் கதவு திறந்திருக்கும் என்று சொல்லமாட்டேன், 2020 மார்ச்சில் அதையும் நிறுத்தினார்கள். ஆனால் வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்களில் முதலில் வழி கிடைத்தது அவர்களுக்குத்தான், அதுவும் சாவு காரியத்துக்கு. அம்மாவுக்கு வயதாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இதை வற்புறுத்துகிறேன். விண்ணப்பத்துக்குப் பழைய இந்திய பாஸ்போர்ட்டின் நகலும், குடியுரிமை மாறியபோது அந்த பாஸ்போர்ட்டைச் சரண்டர் செய்ததற்கான சான்றிதழும் வேண்டும். பலர் முதலாவதை வைத்திருப்பார்கள், இரண்டாவதை வாங்காமலே விட்டிருப்பார்கள். அது இல்லையென்றால் முதலில் அதற்குத்தான் போட வேண்டும், கூடுதல் நாள் பிடிக்கும். இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லிவிட்டு எழுதுங்கள், அடுத்தது என்ன என்று சொல்கிறேன்.